நாலுக்கு அப்புறம் மூணு

பிரெஞ்சுக்காரன் எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புகளைத் தலைகீழாக எண்ணினான். சேரும்போது பதினொன்றாவது. ஒழுங்காகப் படித்தால் அடுத்த வருஷம் பத்தாவது. அப்புறம் ஒன்பது, எட்டு, ஏழு என்று குறைந்துகொண்டே போகும். ஒன்றாவதுக்கு வந்துவிட்டால் பெரிய படிப்பு, நாற்காலி போட்ட உத்தியோகம். எங்களுக்கு அது தலைகீழ் என்றே தெரியாது. புதுச்சேரியில் பிறந்தவர்கள் பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்தோம். கடலூரில் ஒன்றிலிருந்து மேலே எண்ணுகிறார்கள் என்று அப்போது யாராவது வந்து சொல்லியிருந்தால், பாவம், அந்த ஊர்க்காரர்களுக்கு எண்ணத் தெரியவில்லை என்று சிரித்திருப்போம்.

சிரிக்கிற விஷயமாகத்தான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் வயிறு எரியும். ஏன் என்று சொல்கிறேன்.

முத்தியால்பேட்டையில் என் அப்பா தணிகாசலம் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு, நாலு தெரு தள்ளிப் பள்ளிக்கூடம். அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தனக்கொடி. குருசுக்குப்பத்துக்குப் போகிற வழியில் மில் தொழிலாளர்கள் குடியிருந்த சந்திலிருந்து வருவாள். அந்தச் சந்தில் பெண் பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை, ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் இடுப்பில் ஒரு தம்பியையோ தங்கையையோ சுமந்துகொண்டு வாசலில் நிற்பார்கள். தனக்கொடிக்கும் இடுப்பில் சுமக்க வேம்பு என்று ஒரு தம்பி இருந்தான். அவனை அம்மாவிடம் தள்ளிவிட்டு அவள் வந்ததற்குக் காரணம் அவளுடைய அப்பா கொளஞ்சி.

கொளஞ்சி மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மில்லில் தறி ஓட்டினார். அவருடைய மேஸ்திரியின் மகன் பதினொன்றில் சேர்ந்து, ஒரு வருஷம்கூட நிற்காமல் ஒன்றுக்கு இறங்கி வந்து, சைகோனில் பிரெஞ்சுக்காரனுக்குக் கணக்கு எழுதப் போனவன். மேஸ்திரி அந்தக் கதையைச் சொல்லாத நாள் கிடையாது. கொளஞ்சி மாமா தினமும் அதை வாய் பிளந்து கேட்டுவிட்டு வந்து பெண்ணிடம் சொல்வார்.

"கிளாஸ் கொறையக் கொறைய மனுசன் ஒசருவான்டி. நீ ஒண்ணுக்கு வந்துட்டா, அப்புறம் யாரும் ஒன்ன ஏய்னு கூப்புட முடியாது."

ஆனால் இதற்கு ஒரு எதிர்க்கட்சி இருந்தது. கொளஞ்சி மாமாவின் அக்கா மணியம்மாள். வில்லியனூர் தாண்டி ஒரு கிராமத்தில் அவளுக்கு நிலம், மாடு, காத்தவராயன் என்று ஒரே மகன். வேலை மலையாகக் கிடந்தது, கை போதவில்லை. அறுப்புக்கு அறுப்பு ஒரு மூட்டை நெல்லோடு வந்து இறங்குவாள். இறங்கிய உடனே தொடங்கிவிடுவாள்.

"பொட்டப் புள்ளைக்கு எதுக்குடா பள்ளிக்கூடம்? எம்மவனுக்குத்தானே கட்டப்போற. இப்பவே அனுப்பு, எங்கூட இருந்து பழவட்டும்."

அக்கா பேச்சைத் தட்டவும் முடியாது, பெண்ணை விடவும் மனசில்லை. கொளஞ்சி மாமா ஒரு வழி கண்டுபிடித்தார்.

"படிக்கிற வரைக்கும் படிக்கட்டும்க்கா. ஒரே ஒரு வருசம் அது பெயிலாவட்டும், நானே கொண்டாந்து ஒன் வூட்டுல வுட்டுட்டு வந்துடறேன்."

இதை அவர் பெண்ணின் முன்னாலேயே சொன்னார். வாக்கு வாக்குதான். அதிலிருந்து தனக்கொடி படித்தது ஆசைக்கு மட்டும் இல்லை, பயத்துக்கும்தான். ஒரு வருஷம் தவறினால் மாட்டுத்தொழுவம். நான் கணக்கில் முட்டை வாங்கினால் என் அப்பா தலையில் ஒரு குட்டு வைப்பார், அவ்வளவுதான். அவளுக்கு அப்படி இல்லை. சிலேட்டில் ஒரு கூட்டல் தப்பானால் பத்துத் தடவை அழித்து எழுதுவாள்.

சிலேட்டு என்றதும் எங்கள் பிரெஞ்சு டீச்சர் மதாம் ஞாபகத்துக்கு வருகிறார். ஒன்பதாவது வரைக்கும் எங்களுக்கு மதாம்தான். அவர் கேள்வி கேட்பார். மேஜையில் ஸ்கேலால் ஒரு தட்டுத் தட்டினால் எழுத வேண்டும். இரண்டு தட்டுத் தட்டினால் எல்லோரும் சிலேட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். வாயே திறக்கக் கூடாது. வருஷக்கணக்காக இப்படிப் பழகியதில், வீட்டில் அம்மா கரண்டியால் சட்டியை இரண்டு தட்டினால்கூட என் கை தானாக மேலே போகும்.

ஐம்பத்து நாலு நவம்பரில் பிரெஞ்சுக்காரன் போய்க் கொடி மாறியது. லீவு விட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். அந்த வருஷத்தை முடித்துக்கொடுத்துவிட்டு மதாம் பெட்டி படுக்கையோடு பிரான்சுக்குப் போய்விட்டார். நாங்கள் ஒன்பதாவது தேறி அடுத்த வகுப்புக்கு வந்து உட்கார்ந்தபோது, எதிரே கடலூரிலிருந்து வந்த தெய்வசிகாமணி வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். வகுப்பில் இரைச்சல். அமைதி, அமைதி என்று மேஜையில் ஸ்கேலால் இரண்டு தட்டுத் தட்டினார். அத்தனை பேரும் சட்டென்று சிலேட்டைத் தலைக்கு மேல் தூக்கினோம். மனுஷன் ஒரு அடி பின்னால் போய்விட்டார், அடிக்க வருகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ.

அன்றைக்குத்தான் அவர் சொன்னார், "இது இனிமே நாலாம் வகுப்பு" என்று.

"எட்டாவது இல்லீங்களா சார்?" என்று நான் கேட்டேன்.

"உங்க ஒசரத்துக்கு எட்டாவது கேக்குதா?" என்று சிரித்துவிட்டு, இனிமேல் ஒன்றில் தொடங்கி இரண்டு, மூன்று என்று ஏறிப்போகும், இறங்காது என்று விளக்கினார். குழந்தைகளுக்கு எதுவும் சீக்கிரம் பழகிவிடும். சாயங்காலம் மணி அடிப்பதற்குள் எங்களுக்கு அது பழகிவிட்டது. ஆனால் பெற்றவர்களிடம் யார் சொல்வது? கொடி மாறியதை ஊரெல்லாம் தண்டோரா போட்டுச் சொன்னார்கள். எண்ணுகிற முறை மாறியதை ஒருவரும் வீடு தேடி வந்து சொல்லவில்லை. பிள்ளைகள் சொல்வார்கள் என்று சர்க்கார் நினைத்தது போலும்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கொளஞ்சி மாமா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வெளுத்த வேட்டி, தலைக்கு எண்ணெய், கையில் ஒரு துண்டு மூட்டை. அவிழ்த்தால் பொரியும் கடலையும் கலர் மிட்டாயும். வாத்தியாருக்கு இரண்டு கையாலும் நீட்டினார்.

"என்னய்யா விசேஷம்?" என்றார் வாத்தியார்.

"பாப்பா ஒசந்துட்டுதுங்க" என்றார் கொளஞ்சி மாமா.

வெளியூர்க்காரர், இந்த ஊர் வழக்கம் போல என்று நினைத்துக்கொண்டு வாத்தியார் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு கை கிடைத்தது. மத்தியானம் வேப்பமரத்தடியில் தனக்கொடியைக் கேட்டேன்.

"இன்னாடி, ஒங்கப்பாவுக்கு லாட்டரி விழுந்துச்சா?"

அவள் சிரித்தாள், முழுசாகச் சிரிக்கவில்லை. "ஒம்போதுலேர்ந்து நாலுக்கு ஒரே தாவா தாவிட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருக்காருடி. அஞ்சு கிளாஸ் தாண்டிட்டேனாம். இன்னும் மூணு, ரெண்டு, ஒண்ணு, அவ்ளோதானாம்."

"அடிப்பாவி, சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிடி சொல்றது? என்னத் தோள்ல தூக்கிக்கிட்டு சந்து முழுக்கக் காட்டிட்டு வந்தாரு. பத்து வயசுப் பொண்ண யாராச்சும் தோள்ல தூக்குவாங்களா? எங்கப்பா அப்படிச் சிரிச்சி நான் பாத்ததே இல்ல. நான் போயி அதக் கெடுக்கணுமா?" பொரியை வாயில் போட்டு மென்றாள். "அடுத்த வருசத்துக்குள்ள அவருக்கே தெரிஞ்சிடும்."

அவருக்குத் தெரியவில்லை. யார் மூலம் தெரியும்? அவர் பழகிய ஆட்கள் எல்லாம் அவரைப் போலவே. ஒம்போதிலிருந்து நாலா என்று வியந்தார்களே தவிர, அது எப்படி என்று கேட்க ஒருவருக்கும் விவரம் போதவில்லை. மேஸ்திரிகூட வாயடைத்துப் போய், எம்பையனே இப்படித் தாவலையே என்றாராம். அந்த ஒரு வார்த்தையில் கொளஞ்சி மாமா ஒரு வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

அந்த நாலாம் வகுப்பில் தனக்கொடி படித்த மாதிரி நான் யாரையும் பார்த்ததில்லை. தமிழ்ப் பாடத்தை அவள் எழுந்து நின்று வாசித்தால் வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்பார். மிட்டாய் சுற்றி வந்த காகிதம், சுவரில் ஒட்டிய நோட்டீஸ், எதையும் விடமாட்டாள். டீச்சராக வேண்டும் என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாதே, கண் பட்டுவிடும் என்றாள்.

வருஷம் முடிந்தது. வாத்தியார் பேர்களை வாசித்தார். அவள் நன்றாகவே தேறியிருந்தாள். "ஐந்தாம் வகுப்பு" என்று அவர் சொன்ன உடனே எழுந்து ஓடியவள்தான். பையைக்கூட நான்தான் எடுத்துக்கொண்டு வாசல்வரை துரத்திப்போய்க் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது, வெகு நாள் கழித்து அவள் அம்மா தையல்நாயகி அத்தை என் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னது.

கொளஞ்சி மாமா அன்று காலை ஷிப்ட் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அப்பா, பாஸுப்பா. அஞ்சாவது."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. "அஞ்சாவதா?"

"ஆமாம்ப்பா."

"நாலுக்கு அப்புறம் மூணு இல்ல வரணும்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாளாம். "இப்பல்லாம் அப்படி இல்லப்பா. பிரெஞ்சுக்காரங்கதான் எறக்கி எண்ணுவாங்க. இப்போ ஏத்தி எண்றாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அப்புறம்தான் அஞ்சு. நான் ஏறியிருக்கேன்ப்பா."

அவர் எச்சில் கையிலேயே விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். படிக்காதவர்தான், முட்டாள் இல்லை.

"சரி, ஏத்தி எண்றாங்கன்னே வச்சிக்குவோம். அப்போ போன வருசம் ஒம்போதுலேர்ந்து நாலுக்கு வந்தியே, அது எறக்கமா?"

"இல்லப்பா, அது வேற..."

"இன்னா வேற? எறக்கி எண்ணினா இப்போ நீ பெயிலு. ஏத்தி எண்ணினா போன வருசமே நீ பெயிலு. எப்படிப் பாத்தாலும் ஒரு வருசம் பெயிலாயிருக்க. நான் மிட்டாய் வாங்கியாந்து ஊருக்கெல்லாம் குடுத்தப்போ வாய மூடிக்கிட்டுத்தானே இருந்த? அப்போ சொல்லாதவ இப்போ சொல்ற. பெயிலானதுகூடப் பரவால்லடி. எங்கிட்டயே பொய் சொல்றியே."

பதினொரு வயசுப் பெண் இதற்கு என்ன பதில் சொல்லும்? எனக்கு இன்றைக்கு இவ்வளவு வயசாகிறது. அந்தக் கேள்வியை யாராவது என்னிடம் அப்படித் திருப்பிக் கேட்டால் நானே ஒரு நிமிஷம் முழிப்பேன். அவள் விக்கி விக்கி ஏதேதோ சொல்லியிருக்கிறாள். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியேதான் இருந்தது என்று தையல்நாயகி அத்தை சொன்னார்.

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொளஞ்சி மாமா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்க்கவாவது எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"பள்ளிக்கூடத்துக்குப் போயி ஒரு வார்த்த கேட்டுட்டுதான் வாயேன்" என்று தையல்நாயகி அத்தை சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"இன்னான்னு கேக்கறது? எம்பொண்ணு பெயிலான்னு அவர் வாயால வேற நான் கேக்கணுமா? அந்த வாத்தியாரு கையில மிட்டாய் குடுத்தவன்டி நான்."

மானம் பெரிதாகப் போய்விட்டது. மில்லில் யாராவது கேட்டால், அக்காவுக்கு உடம்பு சரியில்லை, துணைக்குப் பெண்ணை அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டார். பெயில் என்று அவர் ஒரே ஒரு ஆளிடம் சொல்லியிருந்தாலும் போதும், எவனாவது விஷயம் தெரிந்தவன் காதில் விழுந்து திருத்தியிருப்பான். பெண்ணின் மானத்தைக் காப்பதாக நினைத்து அவர் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டதில், திருத்துவதற்கும் ஒரு ஆள் இல்லாமல் போயிற்று. மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு போய் அக்கா வீட்டில் விட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

பள்ளிக்கூடம் திறந்து சில நாள் வாத்தியார் அவள் பேரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. அத்தை வீட்டுக்குப் போய்விட்டாளாம் என்று யாரோ சொன்னார்கள்.

"பொம்பளப் புள்ளைங்க கதையே இதுதான்" என்றார் வாத்தியார். அதோடு அவர் வேலை முடிந்தது. நன்றாகப் படித்த பெண்ணாயிற்றே, ஒரு நடை போய் ஏன் என்று கேட்போம் என்று அவருக்கும் தோன்றவில்லை. நாலு தெரு நடந்தால் அந்தச் சந்து.

தை மாதம் தனக்கொடி அங்கேயே பெரிய மனுஷி ஆனாள். தையல்நாயகி அத்தையின் தம்பி போய்ப் பச்சை ஓலையில் குடிசை கட்டினார். சடங்கு சுற்றிய அன்றைக்கே, கூடியிருந்த பங்காளிகள் முன்னால், காத்தவராயனுக்குத்தான் பெண் என்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். இன்னும் இரண்டு வருஷம் போகட்டும், வைகாசியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. இதெல்லாம் எங்கள் காதுக்கு வந்தபோது என் அம்மா, நல்ல இடம்தான், சோத்துக்குக் குறையில்லை என்றாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு வயிறு வலிக்கிறது என்றேன்.

நான் அஞ்சாவது முடித்தேன். ஆறாவதுக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும், சர்டிபிகேட் வாங்க அப்பாவோடு பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிற நேரம். தாழ்வாரத்தில் மேஜை போட்டுத் தெய்வசிகாமணி வாத்தியார் எழுதிக்கொண்டிருந்தார். வரிசையில் எங்களுக்கு முன்னால் கொளஞ்சி மாமா நின்றார். கையைப் பிடித்துக்கொண்டு வேம்பு, புதுச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. என்னைப் பார்த்து மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் முறை வந்தது. வாத்தியார் பேர் கேட்டார், வயது கேட்டார், எழுதினார்.

"ஒண்ணாவது. திங்கக்கெழம அனுப்புங்க."

கொளஞ்சி மாமா நகரவில்லை. "ஒண்ணாவதுங்களா?"

"ஆமா."

"அவன் இன்னும் அனா ஆவன்னாகூடப் படிக்கலீங்களே."

"அதனாலதான்யா ஒண்ணாவது" என்று வாத்தியார் சிரித்தார். "எடுத்த உடனே பத்தாவதுலயா போடுவாங்க?"

பின்னால் நின்றவர்கள் சிலர் சிரித்தார்கள். கொளஞ்சி மாமா சிரிக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ அஞ்சாவதுங்கறது?"

"இவன் அதுக்கு வர இன்னும் நாலு வருஷம் இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலுல பாஸ் பண்ணாத்தான் அஞ்சு."

"நாலுல பாஸானாத்தான் அஞ்சா?"

"பின்ன? பெயிலானவன் நாலுலயே கெடப்பான். இதென்னய்யா கேள்வி?" வாத்தியார் இப்போதுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். "நீங்க தனக்கொடி அப்பா இல்ல? தங்கமா படிச்ச பொண்ணாச்சே. அத ஏன் நிறுத்திட்டீங்க?"

கொளஞ்சி மாமா வேம்பின் கையை விட்டுவிட்டுத் தாழ்வாரத்திலிருந்து இறங்கி வெளியே போனார். பையன் அழ ஆரம்பித்தான். என் அப்பா அவனைத் தூக்கிக்கொண்டார்.

நாங்கள் வெளியே வந்தபோது மாமா சுவரோரம் மண்ணில் குந்தியிருந்தார். புது வேட்டி. என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"செல்வாம்பா, நீ இப்போ எத்தினியாவது?"

"ஆறாவது மாமா."

"அவளும் ஆறாவதுதானே போவா?"

"ஆமா மாமா."

"போன வருசம் அவ பாஸுதானா?"

"எனக்கு மேல மார்க்கு மாமா."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு தடவைதான். அப்புறம் எழுந்து என் அப்பாவிடம், "தணிகாசலம், ஒம்பொண்ண எங்கூட அனுப்பு. வில்லியனூர் பஸ்ஸுல போயி வந்துடலாம். நான் சொன்னா அவ நம்ப மாட்டா. இவ சொன்னா நம்புவா" என்றார்.

பெண் சொன்னதை நம்பாத மனுஷன், தான் சொன்னால் பெண் நம்பமாட்டாள் என்று பயந்தார். என் அப்பா கடையை மறந்துவிட்டு, வேம்பைத் தூக்கிக்கொண்டு தானும் கிளம்பினார். பஸ்ஸில் வழியெல்லாம் கொளஞ்சி மாமா பேசிக்கொண்டே வந்தார். கூட்டி வந்துவிடுகிறேன், வாத்தியார் காலில் விழுந்தாவது சேர்த்துவிடுகிறேன், அக்கா என்ன சொன்னாலும் சரி, வெற்றிலை பாக்குதானே, தாலியா கட்டிவிட்டார்கள். என் அப்பா எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார்.

மணியம்மாள் வீட்டு வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. தம்பி சொன்னதை எல்லாம் அவள் பொறுமையாகவே கேட்டாள். அவளும் கெட்டவள் இல்லை.

"எண்ணத் தெரியாம எண்ணிட்ட, சரி. அதுக்கு நான் இன்னாடா பண்றது? பங்காளிங்க முன்னால வெத்தல மாத்தியாச்சு. வயசுக்கு வந்த பொண்ண மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா நாளைக்கி எம்மவன யாரு மதிப்பான்? நீயே சொல்லு, ஒன் சந்துல எவனாச்சும் அனுப்பியிருக்கானா?"

கொளஞ்சி மாமா என் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் காலத்தில் எவனும் அனுப்பியதில்லை. என் அப்பாவே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தொழுவத்துப் பக்கமிருந்து தனக்கொடி வந்தாள். தாவணி போட்டிருந்தாள். ஒரு வருஷத்தில் என்னைவிட உயரமாகிவிட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கிட்டே வந்து கையைப் பிடிக்கப் போனவள், கையில் சாணி என்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஆறாவதாடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் தலையாட்டினேன். அழக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தது வீணாயிற்று.

கொளஞ்சி மாமா அவள் எதிரே போய் நின்றார். இரண்டு கையும் கூப்புகிற மாதிரி மார்புக்கு நேரே வந்துவிட்டன. பெற்ற பெண்ணைப் பார்த்து ஒருத்தர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

"நீ பாஸும்மா" என்றார். "வாத்தியாரே சொன்னாரு. நீ பெயிலாவல. நீ பாஸு."

"தெரியும்ப்பா" என்றாள் அவள். "அன்னிக்கே சொன்னனே."

அதில் கோபம் இல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அவர் அப்படியே நெல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டு அழுதார். சத்தம் வெளியே வராமல் முதுகு மட்டும் குலுங்கியது. வேம்பு பயந்துபோய் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

தனக்கொடி என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் குந்தினாள். அவர் தலையில் ஒட்டியிருந்த நெல் பதரை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அழுவாதப்பா" என்றாள். "நான் பெயிலுன்னே வச்சிக்கப்பா. அப்பதான் ஒனக்கு மனசு ஆறும்."